தொப்பூர் இறங்கறதுக்கு முன்னாடி டிரெய்லர் பிரேக்க பாருங்க: லைனர் தேய்மானம் பாக்கறதும் மாத்தறதும்

பெங்களூர் ஓசூர் பக்கம் லோடு ஏத்திட்டு சேலம் போற டிரெய்லர் எதுவா இருந்தாலும் என்.ஹெச் 44ல ரெண்டு இறக்கத்த தாண்டித்தான் ஆகணும், சூளகிரி தாண்டி மேலுமலை ஒண்ணு, தருமபுரி போயி பாளையம் டோல் தாண்டினதும் தொப்பூர் ஒண்ணு. தொப்பூர் கணவாயில 2020 டிசம்பர்லயும் 2024 ஜனவரிலயும் பாரம் ஏத்துன லாரி கட்டுப்பாடு இழந்து முன்னாடி போன வண்டிங்கள அடிச்சு உயிர் போனது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ரோட்ட மாத்தறது நம்ம கையில இல்ல, வண்டிய பாத்துக்கறது நம்ம கையிலதான் இருக்கு. அதனால டிரெய்லர் வச்சிருக்கறவங்க, ஓட்டறவங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் இத எழுதறேன்.

நம்ம ஊர்ல முன்வண்டி, அதாவது டிரெய்லர இழுக்கற இன்ஜின் வண்டி, அதோட பிரேக்க நல்லா பாத்துக்குவாங்க, டிரெய்லர் பிரேக்க யாரும் கண்டுக்கறதில்ல. வீல் சூடாகுது, டயர் தேயுதுன்னு டிரெய்லர் ஸ்லாக்க (பிரேக் இடைவெளிய டைட், லூஸ் பண்ற கை) லூஸ் பண்ணி விட்டுட்டு ஓட்டறவங்க நிறைய பேர் இருக்காங்க. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் கல்லு ஏத்தற வண்டிய நெனச்சு பாருங்க, பாரத்துல பெரும்பங்கு பின்னாடிதான் உக்காந்திருக்கு, அந்த வெயிட்ட பின்னாடி பிரேக் பிடிக்கலன்னா முழுசும் முன்வண்டி டிரம் மேலதான் வரும். டிரம் சூடானா விரியும், விரிஞ்சா உள்ள இருந்து அத அழுத்திப் பிடிக்கற ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகும், அத தொடறதுக்கு சேம்பர்ல (ஏர் நிரம்பி பிரேக்க தள்ளற டப்பா) இருந்து வர்ற புஷ் ராடு இன்னும் நீளமா வெளிய வரணும், ஸ்லாக் ஏற்கனவே லூஸா இருந்தா ராடு கடைசி வரைக்கும் வந்து முட்டி நின்னுரும், அதுக்கு மேல எவ்வளவு மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. கூடவே சூட்டுல லைனருக்கு, அதாவது ஷூ மேல அடிச்சிருக்கற உரசற பட்டைக்கு, பிடிமானமும் கொறஞ்சு போயிரும். ஏர் மீட்டர்ல பிரஷர் சரியாத்தான் காட்டும், வண்டி மட்டும் நிக்காது. பிரேக் பெயிலியர்னு சொல்றது பாதிக்கு மேல இந்த மாதிரிதான்னு நான் நம்பறேன். இதுல நியூட்ரல்ல இறக்குனா இன்ஜின் பிடிப்பும் போயிருது, அத தயவு செஞ்சு யாரும் பண்ணாதீங்க, கியர இறக்கத்துக்கு முன்னாடியே கொறச்சுக்கங்க.

சரி, எந்த வீல் வேலை செய்யுது எது செய்யலன்னு கண்டுபிடிக்க சுலபமான வழி சூடுதான். கொஞ்ச தூரம் பிரேக் போட்டு ஓட்டிட்டு ஓரமா நிறுத்தி ஒவ்வொரு வீலா பின்னங்கைய டிரம் பக்கத்துல கொண்டு போயி பாருங்க, தொடாதீங்க, கிட்ட கொண்டு போனாலே தெரியும். லேசர் காட்டற டெம்பரேச்சர் கன் இருந்தா இன்னும் நல்லது. எல்லா வீலும் ஏறக்குறைய ஒரே சூட்டுல இருக்கணும். ஒண்ணு மட்டும் ஜில்லுனு இருந்தா அந்த பிரேக் பிடிக்கவே இல்ல, ஒண்ணு மட்டும் கொதிச்சா ஷூ திரும்பாம ஒட்டிக்கிட்டு ஓடுது, இல்லன்னா பேரிங் போகுது. நிறைய பேரு சூடான வீல மட்டும் பாத்துட்டு ஜில்லுனு இருக்கறத விட்டுருவாங்க, இறக்கத்துல ஆள கொல்றது அந்த ஜில் வீல்தான்.

அடுத்து ஸ்ட்ரோக் அளக்கணும், அதாவது பிரேக் மிதிச்சா புஷ் ராடு எவ்வளவு வெளிய வருதுன்னு பாக்கணும். சமதளத்துல நிறுத்தி வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை போட்டுட்டு, ஏர் 90ல இருந்து 100 பி.எஸ்.ஐ வந்ததும் இன்ஜின ஆப் பண்ணி பார்க்கிங் பிரேக்க ரிலீஸ் பண்ணுங்க. சேம்பர் வாய்கிட்ட புஷ் ராடுல சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. கிளீனர் தம்பிய மேல ஏத்தி பெடல முழுசா மிதிச்சு பிடிக்கச் சொல்லிட்டு அந்த கோடு எவ்வளவு தூரம் வெளிய வருதுன்னு டேப்ல அளங்க. சாதாரண 30 டைப் சேம்பர்ல 2 இன்ச், அதாவது 51 மில்லி தாண்டினா உடனே கவனிக்கணும்னு அர்த்தம், லாங் ஸ்ட்ரோக் சேம்பர்னா கணக்கு வேற, சேம்பர் மேலயே அடிச்சிருக்கும். டேப் இல்லன்னா பெடல் மிதிக்காம ஸ்லாக் கைய கையால பலமா இழுத்து பாருங்க, 1 இன்ச்சுக்கு மேல வந்தா லூஸ்.

இங்க ஒண்ணு அழுத்தி சொல்லணும். ஆட்டோ ஸ்லாக் போட்ட வண்டியில ஸ்ட்ரோக் ஜாஸ்தியா இருந்தா ஸ்பேனர போட்டு டைட் பண்ணிட்டு கிளம்பிரக்கூடாது. அது தானா அட்ஜஸ்ட் ஆகற சாமான், ஆகலன்னா உள்ள வேற ஏதோ போயிருக்கு, கேம் புஷ் (ஷூவ விரிக்கற கேம் தண்டு உக்கார்ற புஷ்) தேஞ்சிருக்கலாம், புஷ் ராட ஸ்லாக்கோட கோக்கற கிளெவிஸ் பின்னோட ஓட்டை தேஞ்சு பெருசாயிருக்கலாம், இல்ல ஸ்லாக்கே செத்திருக்கலாம். டைட் பண்ணா ரெண்டு நாள் பிடிக்கும், திரும்ப லூஸாயிரும்.

லைனர பாக்க பின்னாடி டஸ்ட் கவர்ல ஒரு ஓட்டை இருக்கும், ரப்பர் மூடிய எடுத்துட்டு டார்ச் அடிச்சு பாருங்க. ஷூ நடுவுல 6 மில்லிக்கு கிட்ட வந்துருச்சுன்னா மாத்திருங்க, ரிவிட் தலை டிரம்ம தொடற வரைக்கும் ஓட்டாதீங்க, டிரம்ல கோடு விழுந்துச்சுன்னா டிரம் காசும் சேர்ந்து போகும். சில லைனர்ல ஓரத்துல படி மாதிரி ஒரு வெட்டு இருக்கும், அது வரைக்கும் தேஞ்சா மாத்தணும்னு அடையாளம். ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருந்தாலும் சரி, மேல ஷூவும் கீழ ஷூவும் ரொம்ப வித்தியாசமா தேஞ்சிருந்தாலும் சரி, முதல்ல கேம் புஷ்ஷயும் ஷூ மாட்டியிருக்கற ஆங்கர் பின்னையும் சந்தேகப்படுங்க. லைனர் கருப்பா ஈரமா மின்னுச்சுன்னா ஆயில் சீல் போயி கிரீஸ் உள்ள வந்துருச்சு. அத பெட்ரோல்ல கழுவி திரும்ப போடற பழக்கம் பட்டறைல இருக்கு, வேணாம், லைனர் குடிச்ச கிரீஸ் சூடாகும்போது திரும்ப வெளிய வரும்.

மாத்தற வேலைக்கு வருவோம். ஜாக்கிய மட்டும் நம்பி கீழ போகாதீங்க, ஆக்ஸிலுக்கு ஸ்டாண்டு கொடுங்க. ஸ்பிரிங் பிரேக் சேம்பர் (பார்க்கிங் பிரேக்குக்கு உள்ள ஸ்பிரிங் வச்ச சேம்பர்) இருந்தா கழட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரிலீஸ் போல்ட்ட உள்ள விட்டு திருகி ஸ்பிரிங்க அமுக்கி வச்சுக்கங்க. அந்த சேம்பரோட கிளாம்ப்ப எந்த காரணத்துக்கும் கழட்டாதீங்க, உள்ள இருக்கற ஸ்பிரிங் ஆள கொல்ற வேகத்துல வெளிய வரும். டிரம் வரமாட்டேங்குதுன்னா ஸ்லாக்க பின்னாடி திருப்பி ஷூவ சுருக்கிட்டு அப்புறம் இழுங்க, சுத்தியால அடிச்சு விளிம்ப உடைக்காதீங்க. உள்ள இருக்கற தூசிய ஏர் அடிச்சு ஊதாதீங்க, பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குள்ள போனா போனதுதான், ஈரத்துணியில துடைச்சு எடுங்க, மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கங்க.

டிரம்ம கழுவி வெளிச்சத்துல பாருங்க. முடி மாதிரி மெல்லிசா சூட்டு கோடு இருக்கறது சகஜம், விளிம்பு வரைக்கும் ஓடற விரிசல், நகம் மாட்டற ஆழத்துக்கு விரிசல் இருந்தா தூக்கி போட்டுருங்க. அங்கங்க நீலமா இருந்தா ரொம்ப சூடாயிருக்குன்னு அர்த்தம். லேத்ல கொடுத்து கடையலாம், ஆனா டிரம் மேலயே அதிகபட்ச விட்டம் போட்டிருக்கும், கடைஞ்சதுக்கு அப்புறம் அத தாண்டக்கூடாது, தாண்டின டிரம் சூட்டுல சீக்கிரம் வெடிக்கும்.

லைனர் வாங்கறப்போ ஒரு ஆக்ஸிலுக்கு ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனி ஒரே கிரேடு, ஒரு பக்கம் மட்டும் மாத்தறது வேணவே வேணாம், வண்டி ஒரு பக்கமா இழுக்கும். பழைய ஷூவுல புது லைனர் அடிக்கறதுன்னா ஷூ முகத்துல இருக்கற துருவ சுத்தமா தேச்சு எடுத்துட்டு, நடு ரிவிட்ல ஆரம்பிச்சு ஓரத்துக்கு போகச் சொல்லுங்க. அடிச்சு முடிச்சதும் லைனருக்கும் ஷூவுக்கும் நடுவுல பேப்பர நுழைச்சு பாருங்க, நுழைஞ்சா வேலை சரியில்ல, திரும்ப அடிக்கணும். ரிட்டர்ன் ஸ்பிரிங், ரோலர், ஆயில் சீல் மூணும் புதுசா போட்டுருங்க, லைனர் காசுக்கு முன்னாடி அதெல்லாம் பெரிய செலவே இல்ல. கேம் புஷ்ஷுக்கு கிரீஸ் அளவா வைங்க, கிரீஸ் கன்ன அமுக்கிக்கிட்டே இருந்தா கிரீஸ் லைனர் பக்கம் வந்துரும்.

ஹப்ப ஏத்தறப்போ கையால சுத்திக்கிட்டே நட்ட இறுக்கி, பேரிங் உக்காந்ததும் ஆக்ஸில் கம்பெனி சொன்ன அளவுக்கு பின்னாடி விட்டு லாக் பண்ணுங்க. சாதா ஸ்லாக்கா இருந்தா வீல் சுத்தாத வரைக்கும் டைட் பண்ணிட்டு கால் சுத்துல இருந்து அரை சுத்து வரைக்கும் பின்னாடி விடணும், வீல் தாராளமா சுத்தணும், லேசா உரசற சத்தம் வந்தா பரவால்ல. ரிலீஸ் போல்ட்ட திரும்ப கழட்ட மறந்துடாதீங்க, அது உள்ளயே இருந்தா பார்க்கிங் பிரேக் பிடிக்காது. முடிச்சதும் மேல சொன்ன மாதிரி சாக்பீஸ் கோடு போட்டு ஸ்ட்ரோக்க இன்னொரு தடவ அளந்துக்கங்க.

புது லைனர் டிரம்மோட முழுசா ஒட்டறதுக்கு கொஞ்சம் ஓட்டம் வேணும், அதனால மாத்துன அன்னைக்கே முழு லோடோட தொப்பூர் இறங்காதீங்க. காலி வண்டியாவோ கொறஞ்ச லோடுலயோ சமமான ரோட்டுல இடைவெளி விட்டு விட்டு மிதமா பிரேக் போட்டு பழக்குங்க. 50ல இருந்து 100 கிலோமீட்டர் ஓடினதும் வீல் நட்டு எல்லாத்தையும் டார்க் ரெஞ்சால திரும்ப இறுக்கிட்டு, பின்னங்கைய கிட்ட கொண்டு போயி எல்லா டிரம்மையும் ஒரு சுத்து பாத்துட்டு அப்புறம் லோடுக்கு போங்க.