மின்சாரம் போய் வந்ததும் படுத்துவிடும் விபிஎன்: வீட்டு ரவுட்டரில் வயர்கார்ட் அமைத்த கதையும் செய்முறையும்

கோத்தகிரியில் இருந்துகொண்டு கோயம்புத்தூர் அலுவலகம் ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். அவர்களுடைய கணக்கு மென்பொருள், குறித்து வைத்திருக்கும் ஐபி முகவரியிலிருந்து வந்தால்தான் கதவைத் திறக்கும். எங்கள் வீட்டு இணைப்புக்கோ நிலையான முகவரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் மாறிவிடும். அதையும் வேறு பல வீடுகளோடு பங்கு போட்டுக்கொள்கிறோம். அதனால் மும்பையில் நிலையான முகவரியுள்ள சிறிய சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, வீட்டு இணையம் முழுவதும் அதன் வழியாகப் போகும்படி செய்தேன். இப்படி வேறொரு சர்வர் வழியாக ஓடும் மறைவான பாதைக்குத்தான் விபிஎன் என்று பெயர்.

மடிக்கணினிக்கு மட்டும் என்றால் ஒரு செயலியை நிறுவி முடித்திருக்கலாம். ரசீதுகளை நேராக அலுவலகத்துக்கு அனுப்பும் ஸ்கேனரில் எந்தச் செயலியை நிறுவுவது? ஆகவே ரவுட்டரிலேயே விபிஎன்.

சர்வர் பக்கத்து வேலையை இங்கே எழுதவில்லை. ‘கான்ஃப்’ என்று முடியும் வயர்கார்ட் (விபிஎன் அமைக்கும் முறைகளில் ஒன்று) கோப்பு ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். சொந்த சர்வரில் உருவாக்கியதானாலும் சரி, விபிஎன் நிறுவனம் கொடுத்ததானாலும் சரி. நிறுவனத்திடம் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்ட பிறகு, சில பெரிய நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. ‘இந்தியா’ என்று பட்டியலில் தெரிந்தாலும் பெட்டி வேறு நாட்டில் இருக்கலாம்.

திரையில் மெனுப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். நான் உச்சரிப்பை எழுதுகிறேன்.

எந்த ரவுட்டர், எந்த ஃபர்ம்வேர்

ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள் என்றால் எனக்கு ஓப்பன்டபிள்யூஆர்டிதான். அதற்கு மாற்றான டிடி-டபிள்யூஆர்டியையும் ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். அதன் மெனுக்களில் எதையும் இரண்டாம் முறை தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓப்பன்விபிஎன்னா வயர்கார்ட்டா என்ற கேள்விக்கும் தயக்கமில்லாமல் வயர்கார்ட் என்பேன். 2020இல் லினக்ஸ் கெர்னல் 5.6 வெளியானபோதே அதன் உள்ளே சேர்ந்துவிட்டது. சிறிய ரவுட்டர் சிப்புகளிலும் மூச்சு வாங்காமல் ஓடுகிறது.

என்னுடையது டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6, வி3. அந்த ‘வி3’ மிக முக்கியம். ஒரே பெயரில் விற்கும் வி2இல் குவால்காம் சிப், வி3இல் மீடியாடெக் சிப். ஒன்றின் ஃபர்ம்வேரை மற்றதில் ஏற்றக் கூடாது. பெட்டியைக் கவிழ்த்து ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தின் சாதனப் பட்டியலில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ராமும் இல்லாத ரவுட்டருக்குச் செலவழிக்க வேண்டாம்.

முதல் முறை ஏற்ற வேண்டியது ‘ஃபாக்டரி’ என்று பெயரில் வரும் கோப்பு. ‘சிஸ்அப்கிரேட்’ பின்னாளில் புதுப்பிக்க. ரவுட்டரின் பழைய நிர்வாகப் பக்கத்தில், ஃபர்ம்வேர் அப்கிரேட் என்ற இடத்தில் கோப்பைக் கொடுத்தால் போதும். லேன் கேபிளில் செய்யுங்கள், வைஃபையில் வேண்டாம். மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: வானம் வெளுத்திருக்கும் காலை நேரத்தில் செய்யுங்கள். ஏற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பெட்டி செங்கல்லாகிவிடும்.

முடிந்ததும் உலாவியில் 192.168.1.1. பயனர் ‘ரூட்’, கடவுச்சொல் இல்லை. உடனே ஒன்று வையுங்கள். வைஃபை அணைந்திருக்கும், நீங்கள்தான் இயக்க வேண்டும். கேபிள்காரர் வைத்துவிட்டுப் போன பெட்டியும் அதே 192.168.1.1 என்ற முகவரியில் இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். நெட்வொர்க், இன்டர்ஃபேசஸ், லேன் என்று போய் உங்கள் ரவுட்டரை 192.168.50.1 ஆக்கிவிடுங்கள். இனி அதுதான் நிர்வாகப் பக்கத்தின் முகவரி.

வயர்கார்ட்

சிஸ்டம், சாஃப்ட்வேர் என்று போய் பட்டியலைப் புதுப்பியுங்கள். தேடும் பெட்டியில் வயர்கார்ட் என்று அடித்தால் சில தொகுப்புகள் வரும். ‘லூசி’ என்று தொடங்கி நடுவில் ‘ப்ரோட்டோ’ என்று இருப்பதை நிறுவினால் மற்றவற்றை அதுவே இழுத்துக்கொள்ளும். ரவுட்டரை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

பிறகு நெட்வொர்க், இன்டர்ஃபேசஸ், புதிய இன்டர்ஃபேஸ். பெயர் டபிள்யூஜி0, வகை வயர்கார்ட் விபிஎன். அடுத்த பக்கத்தில் ‘லோட் கான்ஃபிகரேஷன்’ என்ற பொத்தான் இருந்தால் அதை அழுத்திக் கோப்பை உள்ளே போடுங்கள்; சாவிகள் (ரவுட்டரும் சர்வரும் ஒன்றையொன்று அடையாளம் காண உதவும் எழுத்துத் தொடர்கள்) தாமாக நிரம்பும். கையால் ஒட்டுபவர்கள் எண்ணிப் பாருங்கள்: சாவி ஒவ்வொன்றும் 44 எழுத்துகள், கடைசியில் சமக் குறி. வாட்ஸ்அப் வழியாக வந்த சாவியை நகலெடுத்தபோது எனக்கு அந்தச் சமக் குறி மட்டும் விடுபட்டிருந்தது.

பியர்ஸ் தாவலில் நான்கு விஷயங்கள். அலவ்ட் ஐபிஸ் 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும் என்று பொருள்). அதன் கீழே ‘ரூட் அலவ்ட் ஐபிஸ்’ என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அதை விட்டால் இணைப்பு கிடைத்ததாகக் காட்டும், ஒரு பைட்டும் அந்த வழியே போகாது. எண்ட்பாயிண்ட் என்ற இடத்தில் சர்வரின் பெயருக்குப் பதில் எண் முகவரியையே எழுதுங்கள், போர்ட் பெரும்பாலும் 51820. பர்சிஸ்டன்ட் கீப் அலைவ் 25.

ஃபயர்வால் தாவலில் ‘வான்’ (வெளி இணையப் பக்கம்) மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். விபிஎன் இன்டர்ஃபேஸை நிறுத்தினால் இணையத்தையே நிறுத்திவிடும்படி தனி மண்டலம் அமைப்பவர்கள் உண்டு. பிள்ளைகளின் வகுப்பு பாதியில் நின்றால் என் வேலையும் நிற்கும் என்பதால் நான் செய்யவில்லை.

சில தளங்கள் திறந்து, சில பாதியில் தொங்கினால் எம்டியூவை (ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) குறையுங்கள். வயர்கார்ட்டின் வழக்கமான அளவு 1420; பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழையும் பிபிபிஓஇ இணைப்பில் 1412 வையுங்கள்.

ஸ்டேட்டஸ், வயர்கார்ட் பக்கத்தில் ‘லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்’ (ரவுட்டரும் சர்வரும் கடைசியாகக் கைகுலுக்கிய நேரம்) சில வினாடிகளுக்கு முன்பு என்று காட்டினால் வேலை முடிந்தது. நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கடிகாரம்

ஞாயிறு அமைத்தேன். செவ்வாய் மதியம் ஐப்பசி மழை. பைக்காராவில் 1932இலேயே நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிவிட்டது, குந்தா அணைகளும் இதே மலையில்தான். இங்கிருந்து சமவெளிக்கு மின்சாரம் இறங்குகிறது, எங்கள் தெருக் கம்பிமேல் சில்வர் ஓக் கிளை இறங்குகிறது. ஐந்து மணி நேரம் இருட்டு. விளக்கு எரிந்த பிறகு ரவுட்டரின் எல்லாப் பச்சை விளக்குகளும் எரிந்தன, இணையம் மட்டும் இல்லை. கேபிள்காரத் தம்பி தொலைபேசியில், “அக்கா, லைன் நன்றாகத்தான் இருக்கிறது” என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

நானும் அணைத்து அணைத்துப் போட்டேன். ஹேண்ட்ஷேக் நடக்கவே இல்லை. கடைசியில் கைப்பேசி இணையத்தில் சர்வருக்குள் போய், புதிய சாவி உருவாக்கி இரு பக்கமும் மாற்றினேன். உடனே வேலை செய்தது! அடுத்த மின்தடை, மறுபடியும் இதே கதை; சாவியை மாற்றினேன், சரியானது. இப்படி இரண்டு வாரம். மின்சாரம் போனால் சாவி கெட்டுவிடுகிறது என்றே முடிவு கட்டிவிட்டேன். “மறுபடியும் அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டாயா?” என்பது அத்தையின் அன்றாடக் கேள்வியானது.

ஒரு நாள் தற்செயலாக ஸ்டேட்டஸ் பக்கத்தின் மேலே ‘லோக்கல் டைம்’ கண்ணில் பட்டது. ஒன்பது நாள் பழைய தேதி.

நடந்தது இதுதான். கணினிக்குள் இருப்பதுபோல் கடிகாரத்தை ஓடவைக்கும் பொத்தான் பேட்டரி இந்த ரவுட்டரில் இல்லை. மின்சாரம் வந்ததும் இன்று என்ன தேதி என்று அதற்குத் தெரியாது. ஓப்பன்டபிள்யூஆர்டி தன் அமைப்புக் கோப்புகளில் கடைசியாக மாற்றப்பட்டது எது என்று பார்த்து, அதன் நேரத்தையே இப்போதைய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நான் ஒன்பது நாளாக எதையும் மாற்றவில்லை. ஆகவே ஒன்பது நாள் பின்னால் எழுந்தது.

வயர்கார்ட்டோ ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் நேர முத்திரை ஒன்றை வைக்கிறது. பழைய செய்தியை யாரேனும் பிடித்து வைத்து மறுபடி அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, ஏற்கெனவே பார்த்ததைவிடப் பழைய முத்திரையோடு வருவதை சர்வர் பேசாமல் தள்ளிவிடும். பிழைச் செய்திகூட வராது. ரவுட்டர் சரியான நேரத்தை, இணையத்தில் நேரம் சொல்லும் என்டிபி சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்றால், அந்தக் கேள்வியும் 0.0.0.0/0 என்று நாம் எழுதியதால் விபிஎன் வழியாகத்தான் போக வேண்டும். நேரம் சரியாக விபிஎன் வேண்டும், விபிஎன் வர நேரம் சரியாக வேண்டும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதுபோல.

சாவியை மாற்றினால் ஏன் சரியானது? ஒவ்வொரு சாவிக்கும் தனித்தனி முத்திரையை சர்வர் நினைவில் வைக்கிறது. புதுச் சாவிக்குப் பழைய கணக்கு இல்லை. அந்தத் தற்செயல்தான் என்னை இரண்டு வாரம் தவறான திசையில் ஓட்டியது.

இப்போதே மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு அவசர மருந்து: சிஸ்டம், சிஸ்டம் பக்கத்தில் ‘சிங்க் வித் பிரவுசர்’ என்ற பொத்தான். அழுத்தினால் உங்கள் கணினியின் நேரத்தை ரவுட்டர் எடுத்துக்கொள்ளும், சிறிது நேரத்தில் ஹேண்ட்ஷேக் நடக்கும்.

நிரந்தர வழிக்கு இரண்டு வேலை. அதே பக்கத்தில் ‘டைம் சிங்க்ரனைசேஷன்’ தாவலில் பெயர்களாக இருக்கும் என்டிபி சர்வர்களை நீக்கிவிட்டு, கூகுளின் நேர சர்வர்களை எண்ணாகவே எழுதுங்கள்: 216.239.35.0, 216.239.35.4, 216.239.35.8, 216.239.35.12. பெயராக இருந்தால் அதற்குரிய எண்ணைத் தேடும் டிஎன்எஸ் கேள்வியும் விபிஎன்னுக்குள் மாட்டிக்கொள்ளலாம். கூகுளின் சர்வர்களோடு மற்றவர்களுடையதைக் கலக்காதீர்கள். கடிகாரத்தில் எப்போதாவது கூடுதலாகச் சேர்க்கும் லீப் வினாடியைக் கூகுள் வேறு விதமாகப் பரப்பிக் கணக்கிடுகிறது. டிஎச்சிபி தரும் சர்வர்களைப் பயன்படுத்து என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து நெட்வொர்க், ரூட்டிங். ஸ்டாடிக் ஐபிவி4 வழி ஒன்று சேருங்கள்: இன்டர்ஃபேஸ் வான், இலக்கு 216.239.35.0/28. இந்த ஒரு வரியால் நேரம் கேட்கும் கேள்வி மட்டும் விபிஎன்னைச் சுற்றிக்கொண்டு நேராக வெளியே போகும்.

சோதிக்க அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு நாள் எதையும் மாற்றாமல் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தேதி சரியாகி ஹேண்ட்ஷேக் வர வேண்டும். ரவுட்டருக்கான 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் யுபிஎஸ்ஸிலிருந்து ரவுட்டருக்குப் போகும் பிளக்கைப் பிடுங்குங்கள். யுபிஎஸ் நல்ல பொருள்தான், நானும் வாங்கினேன். ஆனால் பேட்டரி தீரும் நாள்வரை இந்தக் கோளாறை மூடி மறைத்துவிடும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் சிஸ்டம், பேக்கப் பகுதியில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அதில் உங்கள் தனிச் சாவியும் இருக்கும்; உதவி கேட்கும்போது யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

பிறகு சேர்த்தவை

கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகர், ஸ்டாடிக் வழி போட்டும் தேதி மாறவில்லை என்று எழுதினார். நான் ‘கேட்வே’ கட்டத்தைப் பற்றி எழுதாமல் விட்டது என் தவறு. ரவுட்டரே பிபிபிஓஇயில் உள்நுழைகிறது என்றால் (எங்கள் வீட்டில் அப்படி) கட்டத்தை வெறுமையாக விடலாம். கேபிள்காரரின் பெட்டிக்குப் பின்னால் உங்கள் ரவுட்டர் இருந்தால் அந்தப் பெட்டியின் முகவரியை அங்கே எழுத வேண்டும். அவருக்கு அது 192.168.1.1. எழுதியதும் சரியானது.

குன்னூரிலிருந்து இன்னொருவர்: விபிஎன் ஓடுகிறது, ஆனால் அலுவலகத் தளம் சில நேரம் மட்டும் உள்ளே விட மறுக்கிறது. காரணம் ஐபிவி6, அதாவது புதிய வகை ஐபி முகவரி. இணைப்பு ஐபிவி6 தந்து, விபிஎன் ஐபிவி4 மட்டும் சுமந்தால், பாதிப் போக்குவரத்து பக்கவாட்டில் கசிந்துவிடும். லேன் இன்டர்ஃபேஸின் டிஎச்சிபி சர்வர் தாவலில் ஐபிவி6 அமைப்புக்குப் போய் ஆர்ஏ சேவை, டிஎச்சிபிவி6 சேவை இரண்டையும் ‘டிசேபிள்ட்’ ஆக்குங்கள். ‘வான்6’ இன்டர்ஃபேஸையும் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது எங்கள் வீட்டிலேயே வந்த புகார். சர்வர் முகவரியிலிருந்து வருபவர்களைச் சில ஒளிபரப்புச் செயலிகள் ஏற்பதில்லை. அத்தையின் தொடர் நின்றுபோனது. எந்தச் சாதனம் எந்த வழியே போக வேண்டும் என்று பிரிக்கும் ‘பிபிஆர்’ என்ற தொகுப்பையும் அதற்கான லூசிப் பக்கத்தையும் (லூசி என்பது இந்த நிர்வாகப் பக்கத்தின் பெயர்) நிறுவினேன். நெட்வொர்க், டிஎச்சிபி அண்ட் டிஎன்எஸ் பக்கத்தில் தொலைக்காட்சிக்கு 192.168.50.20 என்று நிலையான முகவரி கொடுத்தேன். பிறகு பிபிஆரில் அந்த முகவரியை வான் வழியே அனுப்பச் சொன்னேன். இப்போது தொடர் நேராக வருகிறது, என் கணக்கு மும்பையைச் சுற்றிக் கோவைக்குப் போகிறது.