ரஷ்ய எழுத்துகளை வாசிக்கத் தொடங்குவது எப்படி?

ரஷ்ய மொழியில் 33 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் உயிர் 10, மெய் 21, தனி ஒலியற்ற குறிகள் 2. ஆங்கில எழுத்துகளை அறிந்தவர்கள் அகரவரிசையை மனப்பாடம் செய்வதை விட்டு, தெரிந்த வடிவங்களிலிருந்து தொடங்குவது நல்லது.

படி 1: ஏ, கே, எம், ஓ, டி ('டைம்' என்பதன் முதலெழுத்து) ஆகிய ஆங்கிலப் பெரிய எழுத்துகளின் வடிவங்கள் ரஷ்யனிலும் ஏறத்தாழ அதே ஒலியைத் தருகின்றன. 'டி' வடிவத்தை ஒலிக்கும்போது மட்டும் நுனிநா பல்லைத் தொட வேண்டும். ஆங்கிலேயர் இதற்காகத் தனியே பழக வேண்டும். நமக்கோ அது தகர மெய்தான்.

படி 2: அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். 'பஸ்' என்பதன் ஆங்கில முதலெழுத்து ரஷ்யனில் 'வ்' ஆகிறது. 'பென்' என்பதன் முதலெழுத்து நாவை உருட்டி ஒலிக்கும் 'ர்' ஆகிறது. ஹெச் வடிவம் 'ன்', சி வடிவம் 'ஸ்', ஒய் வடிவம் 'உ'. எக்ஸ் வடிவத்துக்கு, 'பகல்' என்னும் சொல்லின் நடுவே மெலிந்து வரும் ககரத்தைச் சற்று உரசலோடு ஒலிக்க வேண்டும். சோவியத் விளையாட்டு வீரர்களின் சட்டைகளில் இருந்த, பலரும் 'சிசிசிபி' என்று வாசித்த நான்கு எழுத்துகள் உண்மையில் எஸ், எஸ், எஸ், ஆர் என்பவையே. ஆங்கிலக் கண்ணுக்கு 'பெக்டோபா' போலத் தெரியும் பெயர்ப்பலகை 'ரிஸ்தரான்', அதாவது உணவகம். இத்தகைய சொற்களைச் சத்தமாக வாசித்துப் பழகிய பின்னரே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 3: ரஷ்ய மொழி எழுதப்படும் சிரில்லிக் எழுத்துமுறை கிரேக்கத்திலிருந்து பிறந்ததால், கணிதப் பாடத்தில் கண்ட காமா, டெல்டா, பை, ஃபை ஆகியவற்றின் பெரிய வடிவங்கள் இங்கும் வருகின்றன. காமாவுக்கு 'கங்கை'யின் முதல் ஒலியைக் கொள்க.

படி 4: உயிரெழுத்துகள் இணைகளாக வருகின்றன. வலமிருந்து இடமாகத் திருப்பிப் போட்ட ஆர் வடிவம், சொல்லின் தொடக்கத்தில் 'யா' ஆகும். மெய்யை அடுத்து வந்தால் அந்த மெய்யை மென்மையாக்கி 'ஆ' ஒலி தரும். ஆங்கிலேயரை மிகவும் திணறடிப்பது, 'பஸ்' என்பதன் ஆங்கில முதலெழுத்தின் சிறிய வடிவம் போன்ற ஒன்றும் அருகில் ஒரு நேர்கோடுமாக எழுதப்படும் உயிர். 'நாடு' என்பதன் இறுதியில் இதழ் குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரத்தை அறிந்தவர்களுக்கு அது எளிதில் பிடிபடும். நேர்கோடு இல்லாமல் வந்தால் அது மென்குறி. னகரத்தை அடுத்து வரும்போது அதை ஏறத்தாழ 'ஞ்' ஆக்கிவிடும்.

படி 5: அழுத்தம் பெறாத 'ஓ' அகரமாகத் தேய்வதால், எழுத்தில் 'மோஸ்க்வா' என்றிருப்பது பேச்சில் 'மஸ்க்வா' ஆகிறது. முதல் அசையை அழுத்தி 'மூக்க' என்றால் வேதனை; இரண்டாவதை அழுத்தி 'முக்கா' என்றால் மாவு. செய்தித்தாள்களிலும் பலகைகளிலும் அழுத்தக்குறி இடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு புதுச் சொல்லையும் அகராதியில் பார்த்து, அழுத்தம் விழும் உயிரின்மேல் கோடிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.