யூதச் சட்டத்தில் கடைக்காரரும் வாடிக்கையாளரும் சறுக்கும் இடங்கள்

எடையிலும் அளவிலும் ஏமாற்றுவோரின் தந்திரங்களை எடுத்துரைக்க வேண்டி வந்தபோது, முதல் நூற்றாண்டின் யூத அறிஞர் ரப்பான் யோகனான் பென் சக்காய், “சொன்னாலும் எனக்குக் கேடு, சொல்லாவிட்டாலும் எனக்குக் கேடு” என்று தயங்கியதாக, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் கூறுகிறது. சொன்னால் எத்தர்கள் புதிதாகக் கற்றுக்கொள்வார்கள். சொல்லாவிட்டால், தங்கள் வேலை பண்டிதர்களுக்குத் தெரியாது என்று இளக்காரமாக எண்ணுவார்கள். முடிவில் அவர் சொல்லியே விட்டார். உள்ளே உலோகத்தை ஒளித்து வைத்த தராசுக்கோல் போன்றவை அப்படித்தான் ஏட்டில் ஏறின. ஆனால் எத்தர்களைவிட, ஏமாற்றும் எண்ணமே இல்லாதவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதில்தான் யூதச் சமயச் சட்டமான ஹலாகா கூடுதல் நுட்பம் காட்டுகிறது.

முதல் சறுக்கல், மனத்தில் கள்ளம் இல்லையென்றால் போதும் என்று நினைப்பது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, சில்லறைக் கடைக்காரர் தம் அளவைப் படிகளை வாரம் இருமுறையும் எடைக்கற்களை வாரம் ஒருமுறையும் துடைக்க வேண்டும் என்றும், தராசுத் தட்டை ஒவ்வொரு நிறுவைக்கும் சுத்தம் செய்ய வேண்டும் என்றும் விதிக்கிறது. படியின் அடியில் பிசுக்காக ஒட்டி நிற்கும் எண்ணெய்க்கு வாங்கியவர் காசு கொடுத்துவிட்டார். அதைக் கடைக்காரர் எண்ணித் திருடவில்லை என்பது அவருக்கு ஆறுதல் ஆகாது.

விலை விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். விவிலியத்தின் லேவியராகமம் 25:14, விற்கும்போதும் வாங்கும்போதும் ஒருவரையொருவர் வஞ்சிக்கக் கூடாது என்கிறது. மிஷ்னா அதற்கு ஆறில் ஒரு பங்கு என்று அளவுகோல் வைத்தது. சந்தையில் 600 ஷெக்கல் பெறும் பொருளை 700க்கு விற்றால் விற்பனை நிற்கும், ஆனால் கூடுதல் 100ஐத் திருப்பித் தர வேண்டும். 720க்கு விற்றிருந்தால், வாங்கியவர் பேரத்தையே முறிக்கலாம். பொருளை ஒரு வியாபாரியிடமோ உறவினரிடமோ காட்டி விலை விசாரிக்கும் நேரம்தான் அவருக்குக் கெடு. விலை தெரியாமல் மலிவாக விற்றுவிட்டவருக்கோ இந்தக் கெடு இல்லை, ஏனெனில் காட்டி விசாரிக்கப் பொருள் அவர் கையில் இல்லை. 690க்கு விற்றதில் திருப்பித் தர ஒன்றுமில்லை என்பதைச் சிலர், அதுவரை தெரிந்தே ஏற்றலாம் என்ற அனுமதியாகப் படிக்கிறார்கள். இது அவசரமான வாசிப்பு. ஆறில் ஒன்றுக்குக் குறைந்த தொகையை மக்கள் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார்கள் என்பதே விதியின் அடிப்படை.

வாங்கும் எண்ணமே இல்லாமல் “இது என்ன விலை?” என்று கேட்பதையும் மிஷ்னா தடுக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். முதலில் எனக்கும் இது மிகையாகத்தான் பட்டது. ஆனால் காலையிலிருந்து போணியாகாத கடையில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்த ஒரு கேள்வி கிளப்பும் நம்பிக்கையும் அடுத்த நிமிடம் அது சரிவதும் தெரியும். நாலு கடை ஏறி இறங்கி விலை ஒப்பிட்டு வாங்குவதில் குற்றமில்லை. பொழுதுபோக்காகவோ, வாங்குவதில்லை என்று முன்பே எடுத்த முடிவை மறைத்துக்கொண்டோ கேட்பதே தவறு.

பணமே கைமாறாத திருட்டு இன்னொன்று உண்டு. எபிரேயத்தில் ‘கெனேவத் தாத்’, அதாவது எண்ணத்தைத் திருடுதல். குவியலின் மேற்புறத்தை மட்டும் புடைத்துச் சுத்தமாக்கி, அடியில் கல்லும் உமியுமாக விட்டு வைப்பதை மிஷ்னா கண்ணை ஏமாற்றுவது என்கிறது. யூதரல்லாதவரிடம் இந்த விதி செல்லாது என்ற எண்ணம் வெளியாரிடமும் சில யூதரிடமும் உண்டு. அது தவறு: மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஷ்முவேல் யாருடைய எண்ணத்தையும் திருடலாகாது, யூதரல்லாதவருடையதாயினும் கூடாது என்றார்; 1565இல் வெனிஸில் அச்சான சட்டத் தொகுப்பான ஷுல்கான் அரூக்கும் அதையே விதியாக்கியது.

வட்டித் தடை யூதர்களுக்கு இடையிலான கடனுக்கு உரியது. இங்கே நண்பர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கைமாற்று கிடைப்பதற்காக முன்கூட்டியே அனுப்பும் பரிசும், அடைத்தபின் நன்றிக்காகத் தரும் பரிசும் தடைக்குள் வரும். கடன் வாங்குமுன் வழியில் கண்டால் முந்தி வணக்கம் சொல்லும் பழக்கம் இல்லாதவர், வாங்கியபின் அதைத் தொடங்கக் கூடாது என்றுகூடத் தல்மூத் சொல்கிறது. கடனைக் கூட்டு முதலீடாக மாற்றியமைக்கும் ‘ஹெத்தேர் இஸ்கா’ ஒப்பந்தத்தை இஸ்ரேலிய வங்கிகள் பயன்படுத்துகின்றன. அப்படியொரு ஒப்பந்தமே இல்லாமல் மைத்துனருக்குக் கொடுத்த தொகைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கூலியில் கெடு தெளிவாக இருக்கிறது: பகலில் உழைத்தவருக்கு அன்றிரவு முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும். ஆனால் வேலையில் சேதம் நேர்ந்தால்? மதுப் பீப்பாயை உடைத்துவிட்ட சுமைகூலிகளின் மேலாடைகளை முதலாளி ஈடாகப் பிடுங்கிக்கொண்டார். வழக்கைக் கேட்ட ராவ் என்ற அறிஞர் ஆடைகளைத் திருப்பித் தரச் சொன்னார். “இதுதான் சட்டமா?” என்றார் முதலாளி. நல்லோர் வழியில் நடக்கவும் நீதிமான்களின் பாதைகளைக் காக்கவும் சொல்லும் விவிலிய வசனமான நீதிமொழிகள் 2:20இன் முற்பகுதியைக் காட்டி, ஆம் என்றார் ராவ். ஏழைகள் நாங்கள், நாள் முழுதும் உழைத்தோம், பசிக்கிறது என்று கூலிகள் முறையிட, கூலியையும் கொடு என்றார். முதலாளி அதே கேள்வியை மறுபடி கேட்டார். அதே வசனத்தின் பிற்பகுதியோடு அதே விடை வந்தது. இப்படிச் சட்டத்தின் எல்லைக்கு அப்பாலும் கொடுக்கச் சொல்லி ஒரு நீதிமன்றம் கட்டாயப்படுத்தலாமா என்பதில் பிற்காலச் சட்ட அறிஞர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.