தோளில் ஏந்தும் வான்காப்பு: ட்ரோன் எதிர்ப்புச் சந்தையை அளவிடும் முறை

முதலில் இலக்குகளை வகை பிரியுங்கள், ஆயுதங்கள் பிறகு. ஈரானின் தாக்குதல் ட்ரோனான, சுமார் 200 கிலோ எடையுள்ள ஷாஹெத்-136-இல் எஞ்சின் வெப்பம் உண்டு. வெப்பத்தைத் தேடிச் செல்லும் அகச்சிவப்பு ஏவுகணை அதைக் குறிவைத்துத் தொடர வாய்ப்பிருக்கிறது. பேட்டரியில் பறக்கும், கேமராவழிப் பார்த்து இயக்கும் சிறு எஃப்பிவி ட்ரோனில் அந்த வெப்பம் மிகக் குறைவு. அங்கே போட்டியிடுபவை ஜாமர் (ரேடியோ சமிக்ஞையைக் குலைக்கும் கருவி), ஷாட்கன், இடைமறிப்பு ட்ரோன். இரண்டையும் ஒரே சந்தையாகக் கூட்டும் அறிக்கையை நம்பாதீர்கள். ஸ்வீடனின் ஆர்பிஎஸ் 70 ஏவுகணை லேசர் கற்றையைப் பின்பற்றுவது, வெப்பத்தை நம்பாதது. ஆனால் தாங்கியில் நிறுத்தித்தான் சுட வேண்டும். அது ‘தோளில் ஏந்தும்’ என்ற உங்கள் வரையறைக்குள் வருமா என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

எண்ணிக்கையில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. அமெரிக்கத் தோள் ஏவுகணையான ஸ்டிங்கரில் கைப்பிடி அலகை மீண்டும் பயன்படுத்தலாம். ஏவுகணைக் குழலும் குளிரூட்டும் பேட்டரியும் ஒருமுறைக்கே. எனவே “100 அமைப்புகள்” என்ற செய்தி கைப்பிடிகளைக் குறிக்கிறதா, ஏவுகணைகளைக் குறிக்கிறதா என்று பாருங்கள். தேவையைக் கணக்கிட: படைப்பிரிவுகள், பிரிவுக்கு எத்தனை கைப்பிடி, ஒன்றுக்கு எத்தனை ஏவுகணை, அதோடு பயிற்சியில் செலவாகும் ஏவுகணைகளும் ஆயுள் முடிந்து மாற்ற வேண்டிய கையிருப்பும்.

ஐ.நா. மரபு ஆயுதப் பதிவேட்டில் தோள் ஏவுகணைகள் 2003 முதல் இடம்பெறுகின்றன. எல்லா நாடுகளும் அறிக்கை தருவதில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குச் செல்லும் விற்பனை அறிவிப்பின் தொகை உச்சவரம்பு மட்டுமே. அறிவிப்பு, ஒப்பந்தம், ஒப்படைப்பு மூன்றையும் தனித்தனி நிரல்களில் பதியுங்கள். இல்லாவிட்டால் ஒரே விற்பனை மும்மடங்காகும்.

உற்பத்தித் திறனையும் சேருங்கள். 2022-இல் தேவை எகிறியபோதும் ஸ்டிங்கர் உற்பத்தி உடனே உயரவில்லை: பழைய மின்னணுப் பாகங்கள் கிடைக்காததால் தேடுமுனையில் (இலக்கைக் கண்டு தொடரும் முன்பகுதியில்) மறுவடிவமைப்பு தேவைப்பட்டது.