சிகாகோவில் பனிக்காலப் பார்க்கிங்: எங்கே தவறு செய்து வண்டியைப் பறிகொடுக்கிறோம்?

"ராத்திரி பனியே பெய்யலையே, எப்படி டோ பண்ணினாங்க?" டிசம்பர் பிறந்ததும் சிகாகோவில் கேட்கும் புலம்பல் இது. டோ என்றால் நிறுத்திய வண்டியை இழுத்துக்கொண்டு போவது. அங்கே பனிக்காலப் பார்க்கிங் தடை ஒன்றல்ல, இரண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு.

டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை, தினமும் அதிகாலை 3 மணியிலிருந்து 7 மணி வரை, சுமார் 107 மைல் நீளமுள்ள முக்கியச் சாலைகளில் வண்டி நிற்கவே கூடாது. வானம் வெறிச்சென்று இருந்தாலும் இந்தத் தடை உண்டு. இன்னொரு தடை வேறு 500 மைல் சாலைகளுக்கானது. சாலையில் 2 அங்குலப் பனி சேர்ந்துவிட்டால் எந்த மாதமானாலும், பட்டப்பகலானாலும் அதை அமல்படுத்தலாம். 1967 ஜனவரியில் 23 அங்குலப் பனி கொட்டி, கார்களும் பஸ்களும் நடுரோட்டில் கிடக்க, ஊரே முடங்கியது. 1979-லும் அதே கதி. கண்டிப்புக்குக் காரணம் அதுதான்.

இரவு பத்து மணிக்கு நிறுத்தும்போது, அக்கம்பக்கத்தில் நாலு கார் நிற்கிறதே என்று நம்பாதீர்கள். அவர்கள் இரண்டரை மணிக்குள் எடுத்துவிடக்கூடும். வண்டிக்கு முன்னும் பின்னும் அந்த பிளாக் முழுக்க நடந்து பலகைகளைப் படியுங்கள். மீட்டருக்குப் பணம் கட்டியிருப்பதும் காப்பாற்றாது.

அதிகாலைத் தடையில் மாட்டினால் டோ கட்டணம் குறைந்தது 150 டாலர், அபராதம் 60, வண்டி கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 25. முதல் நாளே 235 டாலர் போய்விடும்.

இதற்குப் பயந்து பக்கத்துத் தெருவுக்குள் நுழைகிறவர்கள் அங்கே வேறு வகையில் மாட்டுகிறார்கள். குடியிருப்போர் பெர்மிட் உள்ள தெருவென்றால் 75 டாலர் அபராதம். நண்பர் வீட்டுக்குப் போயிருந்தால், அவரிடம் விருந்தினருக்கான ஒருநாள் பாஸ் கேட்டு வாங்குங்கள். அதைவிட மோசம், பனிக்குள் புதைந்த தீயணைப்புக் குழாய். நடைபாதை ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குத் தனியாக ஒரு குவியல் தெரிந்தால் காலால் தட்டிப் பாருங்கள். இரும்பு தட்டுப்பட்டால், அங்கிருந்து 15 அடி, அதாவது ஏறக்குறைய ஒரு கார் நீளம் தள்ளி நிறுத்துங்கள். இல்லையென்றால் 150 டாலர். பனி மூடியிருந்தது என்ற சமாதானத்தை நம்பி இருக்காதீர்கள்.

வண்டியைச் சுற்றி வாரிய பனியைச் சாலையில் தள்ளுவதும் குற்றம்தான். நடைபாதைக்கும் சாலைக்கும் இடையிலுள்ள புல்தரையில் போடுங்கள். வாரிய இடத்தில் நாற்காலி போட்டு 'இது என் இடம்' என்று பிடித்துவைப்பது ஊர்ப் பழக்கம், சட்ட உரிமை அல்ல. நகராட்சி ஆட்கள் அதை அள்ளிக்கொண்டு போனால் கேட்க முடியாது.

காலையில் வண்டியைக் காணவில்லையா? திருடுபோனதாகப் புகார் கொடுக்கும் முன் நகராட்சியின் உதவி எண்ணான 311-ஐ அழைத்து நம்பர் பிளேட்டைச் சொல்லுங்கள். பனி வாருவதற்காகப் பக்கத்துத் தெருவுக்கு நகர்த்தி மட்டும் வைத்திருக்கலாம். டோ ஆகியிருந்தால், ஓட்டுநர் உரிமத்தோடும் வண்டியின் பதிவுத் தாளோடும் அதை மீட்க அன்றைக்கே கிளம்புங்கள்.