எண்ணெய் கரை ஒதுங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த இளைஞர்களுக்குக் கடந்த மாதம் மோரிப் கடற்கரையில் எண்ணெய்க் கசிவுத் துப்புரவுப் பயிற்சி கொடுத்தோம். எண்ணெய்க்குப் பதிலாகக் கறுப்புச் சாயம் கலந்த மரவள்ளிக் கூழை மணலில் ஊற்றி வைத்திருந்தோம். விசில் ஊதியதும் அவர்கள் செய்ததெல்லாம் எங்கள் குழு ஆரம்ப காலத்தில் செய்த அதே தவறுகள். உழைக்கத் தயங்காத பிள்ளைகள்தான். ஆனால் இந்த வேலையில் அவசர உழைப்பு பாதி நேரம் கெடுதலாக முடியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். கையுறை போடுவது, பக்கத்தில் சிகரெட் பற்றவைக்காமல் இருப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எங்கோ நடந்தது என்று இருந்துவிடுவது

1997 அக்டோபரில் சிங்கப்பூர் நீரிணையில் எவோய்கோஸ், ஒராப்பின் குளோபல் என்ற இரண்டு டேங்கர் கப்பல்கள் மோதிக்கொண்டன. சுமார் 29,000 டன் கன எரியெண்ணெய் கடலில் கொட்டியது. டிசம்பரில் அது நம் சிலாங்கூர் கரையில் 40 கிலோமீட்டர் நீளத்துக்கு அங்கங்கே திட்டுத் திட்டாக வந்து ஒதுங்கியது.

இப்படி எண்ணெய் வந்து சேரும் வரை கிடைக்கும் அவகாசத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எண்ணெய் வருவதற்கு முன்பே கரையில் கிடக்கும் கட்டை, மட்டை, பிளாஸ்டிக், கிழிந்த வலை எல்லாவற்றையும் பெரிய அலை ஏறும் எல்லைக்கு மேலே கொண்டுபோய்விட வேண்டும். இன்றைக்கு அது வெறும் குப்பை. நகராண்மைக் கழக லோரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். எண்ணெய் பட்டுவிட்டால் அதே குப்பை சட்டப்படி அபாயக் கழிவு.

மணலோடு சேர்த்து வாரிவிடுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எண்ணெய் பெரும்பாலும் மணலின் மேல்பரப்பில்தான் கிடக்கும், அரை விரல் கனத்துக்கு. தம்பிமார் மண்வெட்டியை எடுத்து ஒரு சாண் ஆழத்துக்கு இறக்குகிறார்கள். மூட்டையில் விழுவதில் பெரும்பங்கு சுத்தமான மணல். மூட்டை கனத்துப்போய் இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. கீழே விழுந்து கிழிந்தால் சுத்தமான இடத்திலும் எண்ணெய். ஒரு மணி நேரத்தில் நூறு மூட்டை சேர்ந்ததும் நிறைய வேலை நடந்ததாக எல்லாருக்கும் தோன்றும். உண்மையில் அங்கே அள்ளியது எண்ணெயை அல்ல, கடற்கரையை.

1999 டிசம்பரில் பிரான்சின் பிரிட்டானிக் கரைக்கு அப்பால் எரிக்கா கப்பல் முறிந்தபோது கொட்டியது சுமார் 20,000 டன். கரையிலிருந்து அள்ளிச் சேர்த்த கழிவோ 2 இலட்சம் டன்னுக்கும் மேல். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (அதாவது அபாயக் கழிவு) விதிகளின்படி கசிவைத் துப்புரவு செய்த மண்ணும் குப்பையும் எஸ்டபிள்யூ 408 என்ற வகையில் வரும். உரிமம் உள்ளவர்தான் ஏற்ற வேண்டும். நெகிரி செம்பிலான் புக்கிட் நானாஸில் இருப்பது போன்ற உரிமம் பெற்ற நிலையத்துக்குத்தான் போக வேண்டும். காசு எடையைப் பார்த்துத்தான். சும்மா அள்ளிய ஒவ்வொரு வெட்டு மணலுக்கும் யாராவது பணம் கட்டியாக வேண்டும்.

ஒருமுறை சிறிய கசிவு ஒன்றுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து உதவிக்கு டிராக்டரும் மண் தோண்டும் பேக்ஹோவும் அனுப்பினார்கள். நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள். சக்கரம் ஏறிய இடமெல்லாம் எண்ணெய் மணலுக்குள் அமுங்கிப் போனது. எங்கள் பக்கம் மணலுக்குக் கீழே சேறு. வண்டி புதைந்து, சேறும் மணலும் எண்ணெயும் ஒன்றாகக் குழம்பின. அள்ளியதை உரச்சாக்குகளில் கட்டித் தோட்டத்துக் கால்வாய் ஓரம் அடுக்கினார்கள். உரச்சாக்கு பின்னல் சாக்கு; வெயில் ஏறினால் எண்ணெய் இளகிக் கசியும். அன்று இரவே மழை. காலையில் கால்வாய்த் தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. இதற்கிடையே பெரியவர் ஒருவர், "ஏன் ஐயா வீணாக்குறீங்க, தார் மாதிரிதானே இருக்கு, தோட்டத்து ரோட்டுக் குழியில கொட்டி மூடிடலாமே" என்றார். மரியாதையாக மறுத்துவிட்டேன். அதே யோசனையை வெவ்வேறு வாய்களிலிருந்து இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கூடவே கூடாது. மழைக்கு அது கால்வாயில் இறங்கும், கால்வாய் ஆற்றில் போய்ச் சேரும், சட்டப்படியும் குற்றம்.

சரியான முறை மெதுவானது. தட்டையான சுரண்டியால், தோசைக்கல்லில் ஒட்டியதைச் சுரண்டுவதுபோல் மேலாக வழித்து, கரைக்கு இணையாக வரிசை வரிசையாகச் சேர்க்க வேண்டும். சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி வேலை நகர வேண்டும். கனத்த பிளாஸ்டிக் பையில் பாதிதான் நிரப்பலாம். பையைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுங்கள். ஆள் மேலும் கீழும் நடக்க வேண்டாம். அலை எட்டாத இடத்தில் தடித்த விரிப்புப் போட்ட குழி ஒன்று. மழைக்கு மேலே மூடி. எண்ணெய் மணல் தனி, குப்பை தனி, போட்டுக் கழற்றிய கையுறை தனி. வழித்த பிறகும் மணலில் கறை இருக்கும். அதைக் கண்டு மறுபடி தோண்டாதீர்கள். கறை பட்ட மணலை நீர் வற்றும்போது அலை உடையும் இடத்துக்குத் தள்ளிவிட்டால் மிச்சத்தை அலையே கழுவும். ஆனால் எண்ணெய் இன்னும் வந்துகொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வந்துகொண்டிருந்தால், அடுத்த ஏற்றத்தில் புது மணல் வந்து பழைய எண்ணெயை மூடிவிடும். அதனால் தடித்துக் கிடப்பதை மட்டும் உடனே எடுத்துவிட்டு, நுணுக்கமான வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அலையாத்திக்குள் இறங்குவது

கேரித் தீவுப் பக்கம் இருப்பவர்களுக்கு இது முக்கியம். அலையாத்தி மரம் சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் வேர்களால் மூச்சு விடுகிறது. எண்ணெய் அந்த வேர்களின் துளைகளை அடைத்தால் மரம் திணறும். துடைக்கப் போகிறேன் என்று உள்ளே இறங்கி மிதித்தால், காற்றே படாத சேற்றுக்குள் எண்ணெயை நாமே அழுத்திவிடுகிறோம். அங்கே அது வருடக்கணக்கில் கிடக்கும். வெளியே, கால்வாய் வாயிலேயே தடுங்கள். எந்தக் கால்வாயில் நீர் எப்போது திரும்பும் என்பது அங்குள்ள மா மெரி பூர்வகுடி மீனவர்களுக்குத் தெரியும். முதலில் அவர்களைக் கேளுங்கள்.

மிதவைத் தடுப்பை நேர் குறுக்கே போடுவது

நீரோட்டத்தின் வேகம் 0.7 நாட் (knot, மணிக்குச் சுமார் 1.3 கிலோமீட்டர்) தாண்டினால் எண்ணெய் தடுப்பின் அடியில் நழுவிவிடும். சாய்வாகப் போடுங்கள்.

சவர்க்காரமும் சுடுநீரும்

1967இல் டோரி கேன்யன் என்ற டேங்கர் கப்பலின் விபத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் கொட்டிய எண்ணெய்க் கரைப்பான்கள், எண்ணெயைவிட அதிகமாகக் கரையோர உயிர்களைக் கொன்றன. 1989இல் அலாஸ்காவில் எக்ஸோன் வால்டிஸ் கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெயை அகற்றச் சுடுநீரை அழுத்தத்தோடு பீய்ச்சினார்கள். எண்ணெய்க்குத் தப்பிய சிப்பிகளும் பாசிகளும் சுடுநீரில் செத்தன. இன்றைய கரைப்பான்கள் அவ்வளவு நஞ்சில்லை என்றாலும் அவை ஆழ்கடலுக்கு உரியவை. சுற்றுச்சூழல் துறையின் அனுமதியில்லாமல் தொடவே வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பும் இதில் சேர்த்தி.

செம்பனை நாரைத் தூவுவது

உறிஞ்சும், உண்மைதான். வலைப்பையில் கட்டிப் போட்டால் திரும்ப எடுக்கலாம். தூவினால் அள்ள வேண்டிய கழிவு இன்னும் கூடும்.

எழுதி வைக்காமல் விடுவது

எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை பை, எந்த இடம் என்று அன்றன்றே எழுதி, படம் எடுத்து வையுங்கள். மீனவர்கள் முன்பு பிடித்த மீனின் கணக்கையும் விற்ற ரசீதையும் எடுத்து வைக்கட்டும். டேங்கர் கப்பலின் எண்ணெய் என்றால் 1992ஆம் ஆண்டு அனைத்துலக இழப்பீட்டு நிதி உடன்படிக்கையின் கீழ் கேட்க வழியிருக்கிறது. மலேசியாவும் அதில் உறுப்பு நாடு. சேதம் ஏற்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்கோ முறையான நடவடிக்கையோ எடுக்காவிட்டால் உரிமை போய்விடும்.