ஜெல் ஐலைனருக்கு எந்த பிரஷ்?

வற்றாப்பளைப் பொங்கலுக்கோ சாமத்திய வீட்டுக்கோ வெளிக்கிடும்போது ஐலைனர் கோணிப்போனால், பிழை பெரும்பாலும் கையில் இல்லை, பிரஷில்தான். கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் வாங்கினாலும் சரி, முதலில் புறங்கையில் அழுத்திப் பாருங்கள். நுனி விரியாமல், வளைந்து உடனே நிமிர வேண்டும். ஒரு முடி தனியே நீட்டிக்கொண்டு நின்றாலும் வேண்டாம், கண்ணில் குத்தும். நைலோன் போன்ற செயற்கை முடியே நல்லது. விலங்கு முடி ஜெல்லை உறிஞ்சிவிடும். புதிதாகப் பழகுபவர்களுக்கு நுனி சரிந்த பிரஷ்தான் சுகம்: இமையோரத்தில் சின்னச் சின்னதாய் ஒற்றினாலே கோடு வந்துவிடும். கண்ணின் வெளியோரத்தில் கோட்டை வால்போல நீட்டி இழுக்க மட்டும் மெல்லிய கூர் பிரஷ். அப்புறம், வன்னி வெயிலுக்கு ஜெல் கெதியில் காயும். எடுத்ததும் மூடியை இறுக்குங்கள். பிரஷை அன்றே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தங்கைக்குக்கூட இரவல் கொடுக்காதீர்கள், கண் நோய் தொற்றும்.